மதிலைத் தாண்டிய பந்து

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் நம் மைதானத்தில் நீல அணிக்கும் சிவப்பு அணிக்கும் நடந்த கிரிக்கெட் ஆட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நீல அணி வெற்றி பெற இன்னும் ஐந்து ரன்கள் தேவை. கையில் ஒரே ஒரு விக்கெட். மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். பந்து சற்று மெதுவாக வந்தது. கண்ணை மூடாமல் ஓங்கி அடித்தேன். அது வேப்ப மரத்துக்கு மேலே எழும்பி, மதிற்சுவரைக் கடந்து, சிஸ்டர்களின் காய்கறித் தோட்டத்தில் கத்தரிப் பாத்திக்குள் போய் விழுந்தது. நான் இரு கைகளையும் தூக்கினேன். நடுவரோ ஒரு விரலைத் தூக்கினார். "மதிலைத் தாண்டினால் அவுட். இது இந்த மைதானத்தின் சட்டம்!" என்றார். நாங்கள் தோற்றோம்.

நம் ஊர்த் தெருக்களிலும் இதே சட்டம்தான். காரைக்குடியில் எந்தத் தெருவில் பையன்கள் விளையாடினாலும், பந்து அடுத்த வீட்டுக்குள் போனால் அடித்தவன் அவுட். அந்த வீடு பூட்டிக் கிடக்கும் பெரிய வீடாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வளவுக்குள் விழுந்த பந்து, வீட்டுக்காரர்கள் அடுத்த கல்யாணத்துக்கோ படைப்புக்கோ வந்து கதவைத் திறக்கும்வரை அங்கேயே கிடக்கும். ஆகவே சட்டத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் என் மனம் ஆறவில்லை. தொலைக்காட்சியில் ஆறு ரன்னும் ஆரவாரமும் பெறுகிற அடி, நம் மதிலருகே மட்டும் குற்றமாவது எப்படி? இந்தக் கோபத்தோடுதான் நூலகத்துக்குள் நுழைந்தேன். அங்கே படித்தவற்றையும் வீட்டில் தேடி அறிந்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே கிரிக்கெட்டுக்குப் பதிலாக பேஸ்பால் ஆடுகிறார்கள். உருண்டையான தடி, ஒரு பந்து, சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு 'பேஸ்'கள். அடித்தவர் மூலை மூலையாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். அந்த இடத்துக்கு 'ஹோம்' என்று பெயர். நம் வீடுகளில் தாயம் ஆடும்போது காய் கட்டமெல்லாம் சுற்றிப் பழம் ஆவதைப் போன்றது இது. பெரும்பாலும் ஒருவர் ஒரு பேஸ் வரை ஓடி நின்றுகொள்வார். அடுத்தவர் அடிக்கும்போது இன்னும் கொஞ்சம் நகர்வார். ஆனால் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பிவிட்டால் யாரும் தடுக்க முடியாது. நிதானமாகச் சுற்றி வந்து ஒரே அடியில் பழம் ஆகலாம். இதுதான் 'ஹோம் ரன்'.

இன்று பேஸ்பால் என்றாலே ஹோம் ரன்தான் என்று நினைக்கிறார்கள். தொடக்கக் காலத்தில் அப்படி இல்லை. அன்று பல மைதானங்களில் வேலி வெகு தொலைவில் இருந்தது. பந்து வெளியே போகாமல் உள்ளேயே உருண்டுகொண்டிருக்க, ஆட்டக்காரர் மூச்சு வாங்க ஓடிச் சேர்வதும் ஹோம் ரன்னாக எண்ணப்பட்டது. பந்தும் இன்றைய பந்து அல்ல. ஆட்டம் முழுவதற்கும் கூடுமானவரை ஒரே பந்தைத்தான் வைத்துக்கொள்வார்கள்; கூட்டத்தில் போய் விழுந்தாலும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். வீசுபவர் அதில் எச்சிலைத் தடவலாம், மண்ணைத் தேய்க்கலாம், புகையிலைச் சாற்றையும் துப்பலாம்! (நம் பெரியவர்கள் வெற்றிலைச் சாற்றைத் துப்பினாலே நாம் முகம் சுளிக்கிறோம்.) நேரம் ஆக ஆகப் பந்து கறுத்து, மெத்தென்று ஆகிவிடும். அதை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் வெகுதூரம் போகாது. ஃபிராங்க் பேக்கர் என்ற ஆட்டக்காரருக்கு 'ஹோம் ரன் பேக்கர்' என்றே பட்டப்பெயர். ஆனால் ஒரு பருவத்தில் அவர் அடித்த மிக அதிகமான ஹோம் ரன்கள் எத்தனை தெரியுமா? 1913-ல் 12. அதற்கே அந்தப் பட்டம்!

இதற்கு முன்பே, 1884-ல், நெட் வில்லியம்சன் என்ற சிகாகோ ஆட்டக்காரர் 27 ஹோம் ரன்கள் அடித்து ஒரு சாதனை படைத்திருந்தார். படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். காரணம், அது மதிலின் கதை! அவருடைய அணியின் சொந்த மைதானம் மிகவும் சிறியது. இடப்பக்க வேலியும் வலப்பக்க வேலியும் 200 அடிக்கும் குறைவான தூரத்தில் இருந்தன. 1883 வரை அந்த வேலியைத் தாண்டினால் இரண்டு பேஸ் மட்டுமே என்பது அந்த மைதானத்துச் சட்டம். அந்த ஆண்டு வில்லியம்சன் அடித்த ஹோம் ரன்கள் இரண்டே. 1884-ல் சட்டத்தை மாற்றி, வேலியைத் தாண்டினால் ஹோம் ரன் என்றார்கள். உடனே 27! அவற்றில் 25 அந்தச் சொந்த மைதானத்திலேயே அடித்தவை. மறு ஆண்டு அணி வேறு மைதானத்துக்குப் போனது. அவருடைய கணக்கும் மூன்றாகச் சுருங்கிவிட்டது. மனிதர் அவரேதான், கையும் அதேதான். மாறியவை சட்டமும் சுவரும்.

அப்படியானால் ஹோம் ரன் என்பது வெறும் சுவரின் தயவுதானா என்று கேட்பீர்கள். இல்லை என்று காட்டியவர் ஒருவர் வந்தார். அவர்தான் பேப் ரூத். 1895 பிப்ரவரி 6-ஆம் நாள் பால்டிமோர் நகரில் பிறந்தவர். பெற்றோரால் அடக்க முடியாத பிள்ளை. ஏழு வயதில் அவரை செயிண்ட் மேரீஸ் தொழிற்பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அதை நடத்தியவர்கள் சவேரியார் சபைச் சகோதரர்கள். அங்கே மத்தியாஸ் என்று ஒரு சகோதரர் இருந்தார். ஆறடிக்கும் மேலான உயரம், மலை போன்ற உடம்பு. அவர் ஒரு கையால் பந்தைத் தூக்கிப் போட்டு, மறு கையில் இருக்கும் தடியால் வானத்துக்கு அனுப்புவாராம். சிறுவன் ரூத் அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பான். நடையைக்கூட அவரைப் போலவே பழகிக்கொண்டான். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிறகும், தமக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று ரூத் சொல்லத் தவறவில்லை. 1919-ல் அந்தப் பள்ளி தீக்கிரையானபோது, பள்ளியின் வாத்தியக் குழுவைத் தம் அணியோடு ஊர் ஊராக அழைத்துச் சென்று நிதி திரட்ட உதவினார். 1948-ல் அவர் இறந்தபோது நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத்தில் இறுதித் திருப்பலி நடந்தது. இதை நம் மதரிடம் சொன்னேன். "சகோதரர் பந்து விளையாடியது மட்டும் உனக்கு நினைவிருக்கும், ஜெபம் சொல்லிக்கொடுத்தது மறந்துவிடும்" என்று சிரித்தார்கள்.

ரூத்துக்கு முன்பிருந்தவர்கள் தடியைச் சற்று மேலே பிடித்து, பந்தை ஆளில்லாத இடம் பார்த்துத் தட்டிவிடுவார்கள். அதுவே சாமர்த்தியம் என்று பயிற்சியாளர்கள் சொல்லி வந்தார்கள். ரூத் தடியின் அடிநுனியில் பிடித்து, உடம்பு முழுவதையும் சுழற்றி அடித்தார். அடிபம்பில் கைப்பிடியின் நுனியைப் பிடித்தால் கை பெரிய வளைவாக மேலும் கீழும் போய் வருகிறதல்லவா? அதுபோல, நுனியில் பிடித்த தடியின் மறுமுனை நீண்ட வட்டத்தில், மிகுந்த வேகத்தோடு வந்து பந்தைச் சந்திக்கும். பந்தைக் கீழே தரையோடு விரட்டாமல் சற்று மேல்நோக்கிக் கிளப்பவும் செய்தார். காற்றே இல்லாவிட்டால் 45 பாகைக் கோணத்தில் கிளம்பும் பொருள் மிகத் தொலைவு செல்லும் என்று நம் இயற்பியல் ஆசிரியை சொல்லியிருக்கிறார். காற்று தடுப்பதால் பந்துக்கு அதைவிடத் தாழ்ந்த கோணம், ஏறக்குறைய 30 பாகை, பொருத்தமாக இருக்கும். ஆனால் இப்படிச் சுழற்றினால் பந்து தடியில் படாமலே போகும் ஆபத்தும் அதிகம். ரூத் தம் வாழ்நாளில் 714 ஹோம் ரன்கள் அடித்தார். 1,330 முறை மூன்று தடவை தவறவிட்டு, தலை குனிந்து வெளியேறினார். இரண்டாவது எண்ணையும் நாம் மறக்கக் கூடாது என்பது என் கருத்து.

1919-ல் அவர் அடித்தவை 29. வில்லியம்சனின் 35 ஆண்டுப் பழைய சாதனை வீழ்ந்தது. 1920-ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்ததும் 54! அவருடைய லீகில் இருந்த மற்ற ஏழு அணிகளில் எந்த அணியும் மொத்தமாகக்கூட அத்தனை அடிக்கவில்லை. அதே ஆண்டு எச்சில் தடவுவதற்குத் தடை வந்தது. ஆகஸ்டில் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்தார். அழுக்குப் பந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாததே காரணம் என்று பேசப்பட்டது. அதன் பிறகு புதிய வெள்ளைப் பந்துகளை அடிக்கடி மாற்றத் தொடங்கினார்கள். ஒருவர் உயிர் போன பிறகுதான் பந்து தூய்மையானது. 1927-ல் ரூத்தின் கணக்கு 60-ஐத் தொட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கிரிக்கெட்டில் சிக்ஸர் என்பதும் சட்டத்தின் பிள்ளையே. 1910-க்கு முன், எல்லைக் கோட்டைப் பந்து வானத்தில் தாண்டினாலும் இங்கிலாந்தில் நான்கு ரன்தான். ஆஸ்திரேலியாவில் ஐந்து ரன் கொடுப்பார்கள். ஆறு ரன் வேண்டுமானால் மைதானத்தை விட்டே பந்து வெளியேற வேண்டும். 1898-ல் அடிலெய்டில் ஜோ டார்லிங் என்ற ஆஸ்திரேலியர் அப்படி அடித்ததே டெஸ்ட் ஆட்டங்களில் முதல் சிக்ஸர். (இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் கிட்டிப்புள்ளில் புள் விழுந்த இடம்வரை கிட்டியால் அளந்து, அத்தனை எண்ணிக்கையும் அடித்தவனுக்கே கொடுத்துவிடுகிறோம். சுவரும் வேண்டாம், கோடும் வேண்டாம். என்னைக் கேட்டால் அதுதான் நேர்மையான கணக்கு.)

சட்டம் வந்த பிறகும் எல்லோரும் சிக்ஸர் அடித்துவிடவில்லை. பேஸ்பாலில் ஒருவர் தவறினால் சற்று நேரத்தில் மறுபடி முறை வரும். கிரிக்கெட்டில் பந்தைத் தூக்கி அடித்து அது ஒருவர் கையில் விழுந்தால் அன்றைய பொழுதே முடிந்தது. எனவே 'பந்தைத் தரையோடு அடி' என்பதே பாடம். ஒப்பற்ற ஆட்டக்காரர் பிராட்மன் 52 டெஸ்ட் ஆட்டங்களில் அடித்த சிக்ஸர்கள் ஆறே ஆறு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட காலத்தில்தான் சி.கே. நாயுடு ஆடினார். அவரும் ரூத் பிறந்த அதே 1895-ல், அக்டோபர் 31-ஆம் நாள், நாகபுரியில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் ஒருவரையொருவர் சந்திக்கவில்லை. ஆயினும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள்! 1916-ல் முதன்முதலாகப் பெரிய ஆட்டத்தில் அவர் இறங்கியபோது இந்துக்கள் அணி 79 ரன்னுக்கு ஏழு விக்கெட்டுகளை இழந்திருந்தது. மூன்று பந்துகளைத் தடுத்தார். நான்காவது பந்தை சிக்ஸருக்கு அனுப்பினார்.

அந்நாளில் பம்பாய்ப் போட்டிகளில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று மதவாரியாக அணிகள் இருந்தன. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு இடமே இல்லை. 1937-ல் 'மற்றவர்கள்' என்ற ஐந்தாவது அணி வந்த பிறகுதான் விஜய் ஹசாரே போன்ற கிறிஸ்தவ ஆட்டக்காரர்கள் அதில் ஆட முடிந்தது. இந்த ஏற்பாடு சரியல்ல என்று காந்தியடிகளே சொன்னார்.

1926-ன் இறுதியில் இங்கிலாந்திலிருந்து ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம்.சி.சி. அணி வந்தது. (நம் சென்னை எம்.சி.சி. அல்ல, இது லண்டன் மேரிலெபோன் கழகம்.) இந்தியா முழுவதும் சுற்றி ஆடியும் தோல்வியே காணாத அணி. பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்கள் அணியோடு ஆட்டம். முதலில் ஆடிய எம்.சி.சி. 363 ரன் எடுத்தது. அதில் கை ஏர்ல் என்பவர் எட்டு சிக்ஸர்களுடன் 130 ரன் குவித்தார். வெள்ளைக்காரர் அளவுக்கு நம்மவரால் அடிக்க முடியுமா என்று பலரும் ஏங்கியிருப்பார்கள்.

டிசம்பர் 1-ஆம் நாள் நாயுடு இறங்கினார். 116 நிமிடங்களில் 153 ரன்கள்! பதினொரு சிக்ஸர்கள், பதின்மூன்று பவுண்டரிகள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சிக்ஸர்களில் 66, பவுண்டரிகளில் 52, ஆக 118. ஓடி எடுத்தவை 35 மட்டுமே. செய்தி நகரெங்கும் பரவ, மக்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் மரங்களிலும் அக்கம்பக்கத்து மாடிகளிலும் ஏறி நின்றார்கள். பந்து ஜிம்கானா மாளிகையின் கூரைமேலும் போய் விழுந்தது.

அந்தக் கூரையைப் பற்றித்தான் நான் சொல்ல விரும்புகிறேன். பம்பாய் ஜிம்கானா அப்போது ஐரோப்பியர்களுக்கு மட்டுமேயான கழகம். அதன் மைதானத்தில் இந்தியர் ஆடலாம். உறுப்பினராக உள்ளே அமர முடியாது. நாயுடுவும் அப்படியே. அவர் போக முடியாத இடத்துக்கு அவருடைய பந்து போயிற்று. மரத்தின்மேல் நின்று பார்த்தவர்களுக்கு அது வெறும் ஆறு ரன்னாகத் தெரிந்திருக்குமா? நம் கத்தரிப் பாத்தியை இதோடு ஒப்பிட எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இந்துக்கள் 356 ரன்களில் ஆட்டமிழந்தார்கள். ஏழு ரன்தான் குறைவு. எம்.சி.சி. நாயுடுவுக்கு ஒரு வெள்ளி மட்டையைப் பரிசளித்தது. இந்தியா டெஸ்ட் ஆடத் தகுதி பெற்றுவிட்டது என்பது கில்லிகனின் எண்ணம். அவர் ஊக்கப்படுத்தியதன் விளைவாகவே 1928 டிசம்பரில் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. (அந்த வாரியம் பதிவாகியிருப்பது தமிழ்நாட்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் என்பதும், 1960 முதல் 1963 வரை அதன் தலைவராக இருந்த எம்.ஏ. சிதம்பரம் நம் கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்தவர் என்பதும் நமக்குப் பெருமை. சென்னை சேப்பாக்கம் மைதானம் அவர் பெயரால்தான் வழங்குகிறது.) 1932 ஜூன் 25-ல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்டை ஆடியபோது அணித்தலைவர் நாயுடுவே. அந்தப் பயணத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சிக்ஸர்கள் அடித்தார். பர்மிங்ஹாமில் அவர் அடித்த ஒரு பந்து மைதானத்தை அடுத்த ரீ ஆற்றைக் கடந்து, ஒரு மாவட்டத்திலிருந்து அடுத்த மாவட்டத்துக்கே போய்விட்டது என்று கதை சொல்வார்கள். அறுபது வயதைக் கடந்தும் ரஞ்சிக் கோப்பையில் ஆடிய அவர், 1967-ல் இந்தோரில் காலமானார்.

இன்று சிக்ஸர் கடலை மிட்டாய் போல் மலிந்துவிட்டது. 2013-ல் கிறிஸ் கெய்ல் 66 பந்துகளில் 175 ரன் அடித்தபோது 17 சிக்ஸர்கள். மட்டையும் கனத்துவிட்டது, கோடும் உள்ளே நகர்ந்துவிட்டது. எனக்குப் பிடித்த ஆட்டம் அது அல்ல. 2017 ஜூலை 20-ல் இங்கிலாந்தின் டெர்பியில், உலகக் கோப்பை அரையிறுதியில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹர்மன்ப்ரீத் கவுர் 115 பந்துகளில் ஆட்டமிழக்காமல் எடுத்த 171 ரன்கள். இருபது பவுண்டரிகள், ஏழு சிக்ஸர்கள். "பொம்பளைப் பிள்ளை இப்படி ஓங்கி அடிக்கலாமா?" என்று என் அப்பத்தா என்னைக் கேட்டபோது, அந்த ஆட்டத்தின் படத்தைத்தான் காட்டினேன். அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசிவரை பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்குக் கை வலிக்காதா?" என்று மட்டும் கேட்டார்கள். 2025 நவம்பர் 2-ல் அதே ஹர்மன்ப்ரீத்தின் தலைமையில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றபோது, என்னை எழுப்பி உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னவரும் அப்பத்தாதான்.

நிற்க. நம் மைதானத்துச் சட்டம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். வில்லியம்சனின் கதையை ஒரு தாளில் எழுதி, விளையாட்டு ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் அதை மதரிடம் கொண்டு போனார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டரையும் அழைத்தார்கள். பெரிய விவாதம் நடந்தது. முடிவில், சாலைப் பக்க மதிலைத் தாண்டினாலும் கெபிப் பக்கம் போனாலும் முன்போலவே அவுட். தோட்டத்துப் பக்க மதிலைத் தாண்டினால் ஆறு ரன். ஆனால் அடித்தவளே போய்ப் பந்தை எடுத்து வர வேண்டும், செடி ஒடிந்திருந்தால் அன்று மாலை பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. புதிய சட்டத்தின்கீழ் இதுவரை இரண்டு சிக்ஸர்கள் விழுந்திருக்கின்றன. ஒன்று என்னுடையது. ஒன்பதாம் வகுப்புப் பெண் அடித்த மற்றொன்றுதான் தூரம் அதிகம். முருங்கை மரத்தையும் தாண்டிவிட்டது.